ஹோம்வொர்க் கேட்டு அடம் பிடிக்கும் பிள்ளைகள்: உங்கள் வீட்டில் எப்படி?

எங்கள் வீட்டில் எல்லாம் தலைகீழ். மகள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. எதிர்வீட்டுப் பையன் தனியார் பள்ளியில் அதே வகுப்பு. சாயந்திரமானால் அவன் திண்ணையில் நோட்டை விரித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுதுவான். இவள் அதைப் பார்த்துவிட்டு வந்து, "எனக்கு மட்டும் ஏம்மா ஹோம்வொர்க்கே இல்ல?" என்று ஒரே அழுகை.

ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-லேயே சொல்லிவிட்டது. அதே வருடம் மத்திய அரசும் அதைச் சொல்லி, இந்த வகுப்புகளுக்குப் புத்தகப் பை ஒன்றரைக் கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்றது. இதை ஏழு வயதுக்காரியிடம் விளக்கினேன். "ஜட்ஜுன்னா எங்க ஹெச்.எம்.மை விடப் பெரியவங்களா?" என்று கேட்டாள். அதோடு விட்டுவிட்டேன்.

இப்போது அவளே வகுப்பு நடத்துகிறாள். பள்ளியில் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அவர்கள் படிக்கும் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பார்கள் அல்லவா? வீட்டிலும் அதே பிரிவுதான். தலையணை மலர். காது கிழிந்த கரடி அரும்பு, காரணம் "அது இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்குது". கரடிக்கு மட்டும் தினமும் தனியாக ஒரு சொல்வதெழுதுதல். ழகரத்தைக் கோட்டை விட்டதாகக் கரடிக்குத் திட்டு விழும். விட்டது யார் என்று எனக்குத் தெரியும், கண்டுகொள்வதில்லை.

போன மாதம் கேஸ் சிலிண்டர் வந்தது. கழுத்துப் பட்டையில் இருந்ததைப் படித்துவிட்டு, "ம்மா, சி-29-னா என்ன?" என்றாள். அடுத்த பரிசோதனை எப்போது என்பதற்கான குறி அது. ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி கடைசி மூன்று மாதம். 29 என்பது வருடம். சொல்லி முடிப்பதற்குள் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் நான்கு கட்டம் போட்டு மாதங்களைப் பிரித்து எழுத ஆரம்பித்துவிட்டாள். மே எங்கே வரும், ஆகஸ்ட் எங்கே வரும் என்று அதுவரை உளறிக்கொண்டிருந்தவள், அன்று ராத்திரி சாப்பாட்டுக்குள் பன்னிரண்டையும் வரிசையாகச் சொன்னாள்.

"இவ்வளவு ஆர்வமா இருக்கா, டியூஷன்ல சேர்த்துடலாம்" என்கிறார் அவர். நான் முடியாது என்றுவிட்டேன். டியூஷனில் உட்கார்ந்தால் அவள் மாணவி. இங்கே டீச்சர்.

*

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. எங்கள் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் ஒரு பையன், செங்கல் சூளையில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளை. தினமும் தேய்ந்துபோன சாக்பீஸ் துண்டுகளைக் கேட்டு வாங்கிப் போவான். தூக்கிப் போட்டு விளையாடத்தான் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் அவன் அம்மா வந்து, "தரை, கதவு எல்லாம் கிறுக்கி வெச்சிருக்கான் டீச்சர், சாக்பீஸ் குடுக்காதீங்க" என்றார்.

சின்ன வகுப்பில் ட, ப, ம என்று ஆரம்பித்தால் படம், மடம், பட்டம் என்று உடனே சொல் கிடைத்துவிடும். அந்தச் சொற்களைத்தான் தரையில் எழுதி, நான்கு வயதுத் தங்கைக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். அவள் பள்ளியில் சேர வந்த அன்று கரும்பலகையில் இருந்த 'பட்டம்' என்பதைத் தானே படித்தாள். அண்ணன் பக்கத்தில் நின்று, "'ட்'டை அழுத்திச் சொல்லு" என்று அதட்டினான். அப்படியே என் குரல்!

சாக்பீஸ் கொடுப்பதை நான் நிறுத்தவில்லை. அந்த அம்மாவிடம், மழை பெய்தால் போய்விடும் என்று சொல்லி அனுப்பினேன். வீட்டுக்குள் எங்கே மழை பெய்யும் என்று அவர் கேட்கவில்லை, நல்லவேளை.

*

முதல் பதிவைப் படித்துவிட்டு என் பேரனைக் கூட்டிக்கொண்டு போய் எங்கள் வீட்டு சிலிண்டரைப் பார்த்தேன். பி-28. அது டெஸ்ட் தேதி என்றதும் ஆரம்பித்துவிட்டான்.

"சிலிண்டருக்கும் பரீட்சையா தாத்தா? ஃபெயிலானா என்ன பண்ணுவாங்க?"

"உடைச்சுடுவாங்கடா."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். அப்புறம் யாரும் சொல்லாமலே போய் வாய்ப்பாட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டான். இதெல்லாம் ஆர்வத்தில் சேருமா என்று டீச்சரம்மாதான் சொல்ல வேண்டும்.