புதுப்பிப்பு: அக்ரிலிக் எழுத்துகளை வெட்ட ஜிக்சாவா, ரவுட்டரா?

பெயர்ப்பலகைக்கான வளைவான எழுத்துகளை 5 மி.மீ. அக்ரிலிக் பிளாஸ்டிக் தகட்டில் வெட்ட ஜிக்சா (மேலும் கீழும் அசையும் பிளேடு கொண்ட கை மின்ரம்பம்) போதுமா, ரவுட்டர் (வேகமாகச் சுழலும் முனையால் வெட்டும் கருவி) வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். இரண்டிலும் வெட்டிப் பார்த்தபின் ரவுட்டரையே தேர்ந்தெடுத்திருக்கிறேன். ஜிக்சாவின் வேகத்தைக் குறைத்தும்கூட, அக்ரிலிக் சூட்டில் இளகி, பிளேடு கடந்த தடத்திலேயே மீண்டும் ஒட்டிக்கொண்டது; ஆனால் ஒற்றை வெட்டுவிளிம்பு கொண்ட கார்பைடு பிட்டை (மிகக் கடினமான பொருளாலான வெட்டுமுனையை) ரவுட்டரில் பொருத்தி, முழு ஆழத்தையும் ஒரேயடியாக வெட்டாமல் மூன்று தடவையாக இறக்கியபோது, பிசுபிசுப்பான உருகலுக்குப் பதிலாக உலர்ந்த சீவல்களே பறந்தன, விளிம்பும் தெளிவாக வந்தது. ஒரே எழுத்து பல வேண்டுமென்றால், எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகையில் அந்த எழுத்தின் வடிவில் அச்சு வெட்டி, பேரிங் (உருளும் வளையம்) உள்ள பிட்டை அதன் ஓரமாக ஓட்டலாம். அந்த அச்சுக்குச் செலவிடும் நேரம் வீணல்ல. உள்மூலைகள் மட்டும் பிட்டின் ஆரத்துக்கு ஏற்ப உருண்டே வரும் என்பதால், அவற்றை அரத்தால் ராவிக் கூராக்கினேன். மென்மையான ஃபோம் பி.வி.சி. தகட்டுக்கு ஜிக்சாவே போதும்.