ஞாயித்துக்கிழமை அப்பா அம்மாவ கூட்டிட்டுப் போக வசாய் கோட்டையா, கன்ஹேரியா?

சயான் சரவணன்:
ஊர்லேர்ந்து அப்பா அம்மா மும்பை வந்திருக்காங்க, தூத்துக்குடி பக்கம் மணப்பாடு. அப்பாவுக்கு 68, முழங்கால் மக்கர். கேட்வே, சித்திவிநாயக் எல்லாம் முடிஞ்சுது, இன்னும் ஒரே ஒரு ஞாயிறு பாக்கி. ஆபீஸ்ல ஒருத்தன் வசாய் கோட்டைன்றான், வீட்டுல போரிவிலி நேஷனல் பார்க் போய் கன்ஹேரி குகை பாப்போம்ன்றா. எதுக்கு போறது?

போரிவிலி பாலா:
இதுல யோசிக்க என்ன இருக்கு, கன்ஹேரிதான். 109 குகை, எல்லாம் பாறையக் குடைஞ்சது, கி.மு. முதல் நூற்றாண்டுலேர்ந்து புத்த பிக்குகள் இருந்த இடம். வசாய்ல இடிஞ்ச சுவரும் ப்ரீ-வெட்டிங் ஷூட்டும்தான். நான் போனப்ப ஒரே சர்ச்சுக்குள்ள மூணு ஜோடி, கலர் புகை வேற, போட்டோகிராபர் என்னைப் பாத்து "பையா, ஃப்ரேம்ல வர்றீங்க"ன்றான். சிவாஜி பிடிச்ச கோட்டைன்னு சொல்லி இப்படி வெச்சிருக்காங்க.

வசாய்வாசி:
சிவாஜி பிடிச்சதில்ல பாலா, அவர் காலமாகி அம்பது வருஷத்துக்கு மேல ஆனப்புறம் 1739-ல சிமாஜி அப்பா பிடிச்சாரு, மராட்டிய பேஷ்வா (பிரதமர் மாதிரி) முதலாம் பாஜிராவோட தம்பி. உள்ள அவர் சிலையே இருக்கு, நீ புகையைப் பாத்துட்டு வந்திருக்கே. குஜராத் சுல்தான் பகதூர் ஷா 1534-ல போர்ச்சுகீஸ்காரனுக்கு வசாய எழுதிக் குடுத்தப்ப கூடவே பம்பாய் தீவுகளும்தான் போச்சு, அதாவது இன்னைக்கு சரவணன் குடியிருக்கிற ஏரியாவுக்கு ஒரு காலத்துல தலைமை ஊரே எங்க வசாய்தான் 😎

போரிவிலி பாலா:
சரி 1739, ஒத்துக்கறேன். ஆனா பெரியவங்களுக்கு அங்க உக்கார நிழல், டாய்லெட், தண்ணி ஏதாச்சும் உண்டா? வரலாறு படிக்க புத்தகம் போதும்.

மாட்டுங்கா மாமி:
பாலா, நீ கன்ஹேரிக்கு முழங்கால் வலியோட போயிருக்கியா? நான் போனேன். பார்க் கேட்லேர்ந்து குகை வரைக்கும் ஆறு கிலோமீட்டருக்கு மேல, அது பஸ்ல போயிடலாம், அப்புறம்தான் படி. மூணாம் நம்பர் சைத்யம், அதாவது பிக்குகளோட வழிபாட்டுக் கூடம், பெரிய புத்தர் சிலை, அது வரைக்கும் சமாளிச்சேன், அதுக்கு மேல எங்காத்துக்காரரை அனுப்பிட்டு பாறைல உக்காந்துண்டேன். ஆனா ஒண்ணு சொல்லணும், குகை வாசல்ல தண்ணித் தொட்டி வெட்டி மழைத்தண்ணி வந்து விழ பாறைலயே விரலளவு கால்வாய் இழுத்திருக்கான் பாருங்கோ, அதைத் தடவிப் பாத்தேன், நம்மாத்து மாடி டேங்க்ல அந்த நேர்த்தி கிடையாது. கால் நன்னா இருக்கறவாளுக்கு கன்ஹேரிதான். சரவணன் அப்பாவுக்கு வேண்டாம்.

வசாய்வாசி:
மாமி 🙏 பாலா கேட்டதுக்கு பதில், தண்ணி வீட்லேர்ந்து எடுத்துட்டுப் போகணும், டாய்லெட் விஷயம் பலவீனம்தான், மறைக்க மாட்டேன். ஆனா தரை சமம், டிக்கெட் கிடையாது, ஆட்டோ உள்ளயே போகும். கூரை இல்லாத சர்ச்சுல தரைல போர்ச்சுகீஸ் எழுத்தோட கல்லறைப் பலகை பதிச்சிருக்கு, குனிஞ்சு பாக்கணும், நிமிந்து செல்ஃபி எடுக்கறவனுக்குத் தெரியாது. அதோட சரவணன் மணப்பாடுன்னு சொன்னாரே, 1542-ல சவேரியார் வந்து இறங்கின ஊராச்சே அது! சன்னல், சாவி, மேசை எல்லாம் போர்ச்சுகீஸ்காரன் விட்டுட்டுப் போன சொல்லுதானே, அந்த ஆளோட சன்னலையே அப்பாவுக்கு காட்டுங்க.

போரிவிலி பாலா:
நல்லா விக்கறீங்க. வசாய்ல ஃப்ளாட் புரோக்கரா நீங்க?

சயான் சரவணன்:
சண்டை வேணாம்ணே 😄 தாதர்ல விரார் ஃபாஸ்ட் லோக்கல் டிரெயின் ஏறினா அப்பா அந்தேரி தாண்டறதுக்குள்ள நசுங்கிடுவாரே?

வசாய்வாசி:
விரார் ஃபாஸ்ட் ஏறவே ஏறாதீங்க, ஞாயிறுன்னாலும். ஸ்லோல போய் போரிவிலில மாறிக்கங்க, தண்டவாள வேலைக்காக டிரெயினைக் குறைக்கிற பிளாக் இருக்கான்னு முதல்ல பாத்துக்கங்க. வசாய் ரோடுல இறங்கினா மேற்குப் பக்கம் ஷேர் ஆட்டோ. காலைல எட்டுக்குள்ள கோட்டை, அப்படியே பக்கத்துல பாச்சுபந்தர் மீனவக் குப்பம், சாயங்காலம் சுருச்சி பீச், சவுக்கு நிழல் இருக்கு.

சயான் சரவணன்:
அப்டேட். வசாய்தான் போனோம். அப்பா சர்ச்சுல இருபது நிமிஷம் இருந்திருப்பாரு, எங்க ஊர்ல பாதிப் பேரு பர்னாந்து, ரொட்ரிகோ, அது மாதிரி பேரு ஏதாச்சும் பலகைல இருக்கான்னு செருப்பைக் கழட்டி காலால மண்ணை ஒதுக்கி ஒதுக்கிப் பாத்தாரு. அப்புறம் பாச்சுபந்தர்ல மூங்கில் கொடி கட்டி பொம்பில் மீன் (பாம்பே டக்) காயப் போட்டிருந்தாங்க, வாயோட வாய் கோத்து வரிசையா தொங்குது, அவ்ளோதான், முக்கால் மணி நேரம் ஆளு நகரல. அங்க மீன் விக்கற கோலி (மீனவ சமூகம்) அம்மா மராத்தில பேச, இவரு தமிழ்ல "இதுக்கு உப்பு போடலியா"ன்னு கேக்க, விரலைக் காட்டியே ரெண்டு கிலோ வாங்கிட்டாரு. திரும்பி வர்றப்ப டிரெயின்ல எங்களைச் சுத்தி யாரும் நிக்கல, முழங்காலை நீட்டி உக்காந்துட்டு வந்தாரு.

போரிவிலி பாலா:
அப்ப நீங்க கோட்டைக்குப் போகல, மீன் மார்க்கெட்டுக்குப் போயிருக்கீங்க. நான் சொன்னது சரிதானே?

வசாய்வாசி:
சரவணன், கிலோ என்ன சொன்னாங்க?