டிசைன் டாக்குமென்ட்டில் எக்ஸ்காலிட்ரா படம்: வைக்கலாமா, கூடாதா?

நடுராத்திரி_டெப்ளாய்:
எங்க டீம்ல ரெண்டு வாரமா இதே பேச்சு. டிசைன் டாக்குமென்ட்ல (சாஃப்ட்வேரை எப்படிக் கட்டப் போறோம்னு எழுதி வைக்கிறது) வர்ற படமெல்லாம் இனிமே எக்ஸ்காலிட்ராலயே போடலாம்னு நான் சொல்றேன், அதான் பிரவுசர்ல கையால வரைஞ்ச மாதிரி படம் போடுற பலகை. லீட் ஒத்துக்கல, "கிறுக்கல் மாதிரி இருக்கு"ங்கிறார். எனக்கு அந்தக் கிறுக்கல்தான் வேணும். பளபளன்னு வர்ற படத்தைப் பார்த்தா புதுசா சேர்ந்த பிள்ளைங்க எல்லாம் முடிவாயிடுச்சுன்னு நினைச்சு வாயே திறக்கிறதில்ல. கோணல்மாணலா கட்டம் போட்டிருந்தா, "இந்த இடத்துல தற்காலிகச் சேமிப்பு (கேஷ்) எதுக்கு?"ன்னு தைரியமா கேட்கிறாங்க.

பழைய_கிட்:
ரிவ்யூ நடக்கிறவரைக்கும் சரி. ஒப்புதல் ஆன டிசைனும் அதே கோணல் கட்டத்துல கிடந்தா, ஒரு வருஷம் கழிச்சுப் படிக்கிறவர் அதை முடிவுன்னு எடுத்துக்குவாரா, யோசனைன்னு எடுத்துக்குவாரா?

இன்னொண்ணு, படமும் கோட் மாதிரி கிட்ல (ஒவ்வொரு மாற்றத்தையும் பதிஞ்சு வைக்கிற கருவி) இருக்கணும். எக்ஸ்காலிட்ரா ஃபைல் ஜேசான்தான், அதாவது எழுத்து வடிவத்துல இருக்கிற தரவு, மறுக்கல. ஆனா ஒரு கட்டத்தை லேசா நகர்த்தினாலே அதோட இட எண், வெர்ஷன் எண், நேரம் எல்லாம் மாறும். டிஃப்ல (பழசுக்கும் புதுசுக்கும் என்ன மாறிச்சுன்னு காட்டுறது) எண்ணா கொட்டிக் கிடக்கும். எந்த சர்வீஸ் எதைக் கூப்பிடுதுங்கிறது மாறிச்சான்னு கண்டுபிடிக்க முடியாது. மெர்மெய்ட்ல படத்தை எழுத்தாலயே எழுதுறோம், ஒரு அம்புக்குறி சேர்த்தா ஒரே ஒரு வரி மாறும்.

நடுராத்திரி_டெப்ளாய்:
மெர்மெய்டை அப்படியே எக்ஸ்காலிட்ராக்குள்ள கொண்டுவந்து படமாக்கிக்கலாமே, அண்ணே.

பழைய_கிட்:
அது ஒருவழிப் பாதை தம்பி. படத்துல நீ சேர்க்கிற பெட்டி மெர்மெய்ட் எழுத்துக்குத் தானா போய்ச் சேராது. அப்புறம் ரெண்டுல எது நிஜம்னு தேடணும்.

ஃபயர்வால்_பக்கம்:
கம்பெனி ஆர்க்கிடெக்சரை வெளி சைட்ல வரையறதைப் பத்தி யாருமே பேசலையே?

நடுராத்திரி_டெப்ளாய்:
தனியா வரைஞ்சா படம் பிரவுசர்லயே இருக்கும். சேர்ந்து வரையும்போது ரூம் லிங்க்ல ஹேஷ் (#) குறிக்குப் பின்னாடி இருக்கிறதுதான் சாவி. ஹேஷுக்குப் பின்னாடி உள்ளதை பிரவுசர் சர்வருக்கு அனுப்பாது. அதனால சர்வர் வழியா போறது என்கிரிப்ட் ஆன, சாவி இல்லாம படிக்க முடியாத தரவு மட்டும்தான். மூலநிரல் எம்ஐடிங்கிற திறந்த உரிமத்துல எல்லாரும் பார்க்கக் கிடக்கு, படிச்சுப் பாருங்க. திருப்தி இல்லைன்னா உங்க சர்வர்லயே நிறுவிக்கலாம்.

ஃபயர்வால்_பக்கம்:
சாவி லிங்க்லயே இருக்குன்னா, அந்த லிங்க்கை யாராவது ஒரு வாட்ஸ்அப் குரூப்ல போட்டா கதவு திறந்த மாதிரிதான். என் பயம் சர்வர் இல்ல, நம்ம ஆட்கள். பிரவுசர் தரவை அழிச்சா படமும் சேர்ந்து போயிடும், அதையும் சொல்லிடுங்க. ஃபைலா சேமிக்காம யாரும் எழுந்து போகக்கூடாது.

கரும்பலகை:
நான் ஆசிரியை, கணினி அறிவியல் தமிழ்வழியில் நடத்துகிறேன். எக்ஸ்காலிட்ரா எனக்கு உயிர். ஆனால் அதன் கையெழுத்து எழுத்துருவில் தமிழ் இல்லை. 'அடுக்கு', 'வரிசை' என்று எழுதினால் கணினியில் உள்ள அச்சுத் தமிழ்தான் வருகிறது. கட்டம் கையால் வரைந்தது, எழுத்து அச்சடித்தது. இரண்டும் ஒட்டவே இல்லை. எழுத்துரு செய்யத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். திறந்த உரிமத்தில் ஒரு தமிழ்க் கையெழுத்து எழுத்துரு செய்து அவர்களிடம் முன்வைக்கலாமே?

நடுராத்திரி_டெப்ளாய்:
டீச்சர், இதுக்குத் தனி இழை தொடங்குங்க, நான் வர்றேன்.

பழைய_கிட் அண்ணே, உங்க முதல் கேள்விக்கு ஒரு வழி இருக்கு. 2020 ஜனவரியில கிறிஸ்டோபர் ஷெடோ எக்ஸ்காலிட்ராவை ஆரம்பிச்சபோது கோணல் கோட்டுக்கு ரஃப்.ஜேஎஸ்ங்கிற தயார் நிரல் நூலகத்தை எடுத்தார். கோணல் எவ்வளவுங்கிறதுல மூணு நிலை உண்டு. முதல் நிலையில கோடு நேராவே வரும். ஒப்புதல் ஆனதும் எல்லாத்தையும் செலக்ட் பண்ணி அந்த நிலைக்கு மாத்திடுவோம். கோணலா இருந்தா பேசலாம், நேரா இருந்தா முடிவு. பிஎன்ஜி படமா எடுக்கும்போது காட்சியையும் (திருத்துறதுக்கு வேண்டிய வரைபடத் தரவு) உள்ளே பொதிச்சுட்டா, அந்தப் படத்தையே திரும்ப இழுத்துப் போட்டுத் திருத்தலாம்.

பழைய_கிட்:
நேராக்குற யோசனை நல்லா இருக்கு, அதை எங்க டீம்லயும் கொண்டுவர்றேன். ஆனா அந்த பிஎன்ஜியை சாட்ல அனுப்பினா பல ஆப் அதைச் சுருக்கிடும், உள்ளே பொதிச்சது காணாம போகும். கிட்ல மெர்மெய்ட்தான் இருக்கணும்ங்கிறதுல நான் அசையமாட்டேன். பலகைல நீ எதுல வேணா வரை.