புதுப்பிப்பு: கமரா இப்ப கணினியில பதியுது

கிளிநொச்சியில எங்கட நெல்லுக் களஞ்சியத்துக் கமரா, கணினியில பகிர்ந்த போல்டருக்குள்ள எழுதாமல் கடவுச்சொல் பிழை எண்டுது எண்டு கேட்டிருந்தன். உதவின எல்லாருக்கும் நன்றி, தீர்ந்திட்டுது.

சரிவந்தது, கமராவுக்கெண்டு விண்டோஸில தனி உள்ளூர்க் கணக்கு (அந்தக் கணினியில மட்டும் இருக்கிற, கடவுச்சொல்லோட கூடின கணக்கு) திறக்கச் சொன்ன அக்காவின்ர யோசனை. நான் முதல் கமராவில கடவுச்சொல்லெண்டு குடுத்து வந்தது, விண்டோஸைத் திறக்கிற PIN இலக்கம். அது கணினிக்கு முன்னால இருந்து திறக்கத்தான், வலையமைப்பால வந்தால் செல்லாது. கணக்கு மாத்தின பிறகும் எழுதேல்லை. போல்டரின்ர 'ப்ரொப்பட்டீஸ்' இல 'ஷெயாரிங்' பக்கத்தில அனுமதி குடுத்தது போதாது, 'செக்யூரிட்டி' பக்கத்திலயும் அதே கணக்குக்கு எழுதும் அனுமதி வேணும். எஸ்எம்பி 1 (வலையமைப்பில கோப்புப் பகிர்ற முறை ஒண்டு) ஐத் திறக்கச் சொன்ன தம்பி, அது தேவைப்படேல்லை. பாதுகாப்புக் குறைஞ்ச பழைய முறை, திறக்காமல் விட்டது எனக்கு நிம்மதி.

எதிர்பாராதது: கறண்ட் போய் வந்த அண்டைக்குப் பதிவு நிண்டிட்டுது. ரவுட்டர் கணினிக்கு வேற ஐபி (வலையமைப்பில கணினியின்ர முகவரி இலக்கம்) குடுத்திருந்தது, கமரா பழைய முகவரியிலயே தேடினது. ரவுட்டரிலயே முகவரியை நிலையாக்கினன். அஞ்சு நாளா ஒழுங்காப் பதியுது.