அமைப்புக் கோப்பில் தமிழ்ப் பெயர்கள்: உங்களுக்கு நேர்ந்தவை

கோத்தகிரி உறுப்பினர்:
பச்சைத் தேயிலைக் கொள்முதல் மென்பொருளின் அமைப்புக் கோப்பில், அதாவது மென்பொருள் தன் விவரங்களைப் படித்துக்கொள்ளும் கோப்பில், கொள்முதல் மையங்களின் பெயர்களைத் தமிழிலேயே எழுதியிருந்தோம். ஒரு மாலை, கோத்தகிரி மையத்தின் எடைகள் அனைத்தும் ‘அறியப்படாத மையம்’ என்ற கணக்கில் போய் விழுந்திருந்தன. அமைப்பில் இருந்த பெயரையும் எடைப் பதிவில் வந்த பெயரையும் திரையில் மேலும் கீழுமாக வைத்துப் பார்த்தேன். ஓர் எழுத்துகூட மாறவில்லை. எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் பைட்டுகளை எண்ணியபோது ஒன்று 27, மற்றது 30. முதல் பெயரில் ஓகாரக் குறி ஒரே குறியெண்ணாக (கணினி எழுத்துக்குத் தரும் எண்) இருந்தது. இரண்டாவதில் ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனிக் குறியெண்களாக இருந்தன. உலக மொழிகளின் எழுத்துகளுக்கான யுனிகோடு தரம் இவ்விரண்டையும் சமமென்றே வரையறுக்கிறது, ஆனால் பைட்டுக்குப் பைட்டு ஒப்பிடும் நிரல் அதைப் பார்ப்பதில்லை. இருபுறத்தையும், பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி என்ற யுனிகோடு வடிவுக்கு மாற்றிய பின்பே கணக்கு நேரானது. எடைச் சீட்டுக்காக அன்று இருட்டும்வரை நின்ற சிறு விவசாயிகளின் முகங்கள் இன்னும் என் மனத்தை விட்டு அகலவில்லை.

கொடைக்கானல் உறுப்பினர்:
எங்கள் ஊரின் ஒகரத்துக்கும் இதே சிக்கல் உண்டு. ஆயினும், கோப்பு எந்தக் குறியாக்கத்தில், அதாவது பைட்டுகளை எழுத்தாக்கும் எந்த முறையில், வாசிக்கப்படுகிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். இங்கே ஒரு விடுதியின் ரசீதில், ஊர்ப் பெயர் வரவேண்டிய இடத்தில், வட்டத்துக்குள் ஆர் இட்ட பதிவுக் குறிகள் திரும்பத் திரும்ப அச்சாகி வந்தன. ஜாவா நிரல்மொழியில் அமைப்புக் கோப்பை வாசிக்கும் ப்ராப்பர்ட்டீஸ் வகுப்பு, வெறும் பைட் ஓடையாகத் தரப்படும் கோப்பை, மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான ஐஎஸ்ஓ 8859-1 குறியாக்கம் என்றே கொள்கிறது. 2017இல் வந்த ஜாவா 9, மொழிவாரியான வாசகங்களை வைக்கும் ரிசோர்ஸ் பண்டில் கோப்புகளை மட்டுமே யுடிஎஃப்-8 ஆக வாசிக்கத் தொடங்கியது. ஆகவே மற்ற இடங்களில் குறியாக்கத்தைக் குறிப்பிட்ட ரீடர் (பைட்டுகளை எழுத்தாக வாசித்துத் தரும் ஜாவா கருவி) வழியாகவே கோப்பைத் திறக்க வேண்டும். நோட்பேடில் சேமித்த கோப்பின் தலையில் குறியாக்கத்தை அடையாளம் காட்டும் பிஓஎம் என்ற 3 பைட்டுகள் ஒட்டியிருந்தால், முதல் வரியின் அமைப்பு மட்டும் கிடைக்காமல் போகும், அதையும் பாருங்கள். இவை எல்லாவற்றையும்விட, மையங்களுக்கு எண் கொடுத்து எண்ணால் ஒப்பிடுங்கள், பெயரைக் காட்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் உறுதியான ஆலோசனை.

குன்னூர் உறுப்பினர்:
எண் கொடுக்கச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் பகுதியில் அப்படித்தான் அமைத்திருந்தார்கள். இரண்டு மையங்களின் எண்கள் இடம் மாறிக் கிடந்ததை அலுவலகத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை. இலை கொடுத்த மூதாட்டி ஒருவர் தம் சீட்டில் வேறு ஊரின் பெயர் இருப்பதைப் படித்துக் காட்டிய பிறகே தெரிந்தது. பெயரை எழுதியிருந்தால் கோப்பைத் திருத்திய எழுத்தருக்கே அது கண்ணில் பட்டிருக்கும். அமைப்பை ஏற்றும்போதே என்எஃப்சிக்கு மாற்றி, பட்டியலில் இல்லாத பெயர் வந்தால் பதிவைத் தொடராமல் அந்தப் பெயரைக் காட்டி நிற்கும்படி நிரலை எழுதினால், தமிழ்ப் பெயரே போதும்.