ஏரிக்கரையா, ஆற்றங்கரையா? பிள்ளைகளோடு கூடாரம் போட எந்த இடம் நல்லது?

கேள்வி: கரையோரம்

வணக்கம். இரண்டு இரவு கூடாரம் போட்டுத் தங்கப் போகிறோம். பெரியவர்கள் நான்கு பேர், 5 வயதிலும் 8 வயதிலும் இரண்டு பிள்ளைகள். கார் போகிற இடமாக இருக்க வேண்டும்.

இரண்டு முகாம்கள் பார்த்து வைத்திருக்கிறோம், இரண்டுமே ஊரைவிட்டு ஒதுக்குப்புறம். முதலாவது ஏரிக்கரை. தண்ணீரிலிருந்து பத்தடி தள்ளிக் கூடாரம் போட்டுக்கொள்ளலாம் என்கிறார்கள். அடுத்தது ஆற்றங்கரை. ஆறு வளைகிற இடத்தில் பெரிய மணல்திட்டு, அதன்மேல்தான் கூடாரங்கள். படத்தில் பார்க்க அருமையாக இருக்கிறது. படத்தையும் நட்சத்திர மதிப்பெண்ணையும் விட்டுவிட்டு எதைப் பார்த்து முடிவெடுப்பது? போய் இறங்கியதும் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: மேட்டுநிலம்

முதலில் அந்த மணல்திட்டு. அதில் தங்காதீர்கள். வளைவின் உட்பக்கத்தில் ஆற்றின் வேகம் குறையும், அதனால் கொண்டுவந்த மணலை அங்கே இறக்கிவிட்டுப் போகும். வெள்ளம் வராமல் அந்தத் திட்டு உருவாகியிருக்காது. ஆறு ஏறும்போது முதலில் முழுகுவதும் அதுதான். சில திட்டுகளுக்குப் பின்னால், கரை ஓரமாக ஒரு பழைய வாய்க்கால் தாழ்வாகக் கிடக்கும். தண்ணீர் ஏறினால் அது முதலில் நிரம்பித் திட்டைத் தீவாக்கிவிடும். முன்னால் ஆறு, பின்னால் வாய்க்கால், வெளியே வர வழி கிடையாது. வளைவின் வெளிப்பக்கம் மேடாகத் தெரிந்தாலும் அங்கே ஆறு கரையை அடியில் குடைந்துகொண்டிருக்கும். விளிம்பில் நிற்பதோ காரை நிறுத்துவதோ கூடாது.

நேரான பகுதியில், ஆற்றுப்படுகையை விட்டு ஏறியதும் வருகிற இரண்டாவது மேட்டுத்தளம்தான் தேட வேண்டிய இடம். அது போதுமான உயரமா என்பதை நிலமே சொல்லும். புதர்களையும் மரத்தடிகளையும் பாருங்கள். காய்ந்த புல், செத்தை, பிளாஸ்டிக் துண்டுகள் எல்லாம் ஒரே மட்டத்தில், ஒரே திசையில் சுற்றிக்கொண்டு நிற்கிறதா? அதுதான் கடைசி வெள்ளம் தொட்ட உயரம். மரப்பட்டையில் சேற்றுக்கறை கோடு போட்டிருந்தாலும் அதே அர்த்தம். கூடாரம் அந்தக் கோட்டுக்கு நன்றாக மேலே இருக்க வேண்டும். மழைக்காலத்தில் ஆளுயரம் மேலே என்று வைத்துக்கொள்வது நல்லது. தரையில் உருண்டைக் கற்களும் சலித்த மாதிரி மணலும் மட்டும் இருந்து, வேரூன்றிய செடியே இல்லை என்றால் அது ஆறு ஓடும் பாதை. இன்றைக்குக் காய்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நீங்கள் இருக்கும் இடத்தில் வானம் தெளிவாக இருப்பதை நம்பி உட்கார வேண்டாம். மேலே, பல கிலோமீட்டர் தள்ளிப் பெய்த மழை இரவில் வந்து சேரும். தண்ணீர் திடீரென்று கலங்குவது, சருகும் குச்சியும் மிதந்து வரத் தொடங்குவது, ஓடும் சத்தம் கனப்பது: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பொருட்களை விட்டுவிட்டு மேட்டுக்குப் போங்கள். ஓடுகிற தண்ணீர் 15 செ.மீ. ஆழம் இருந்தாலே பெரியவர்களைத் தள்ளிவிடும். 30 செ.மீ. பல சிறிய கார்களை மிதக்க வைக்கும். 60 செ.மீ. பெரும்பாலான வண்டிகளை இழுத்துக்கொண்டு போய்விடும். ஆகவே முகாமுக்குப் போகும் சாலை தரைப்பாலத்தைத் தாண்டுகிறதா என்பதையும் வரைபடத்தில் பாருங்கள். கூடாரம் மேட்டில் இருந்து, வெளியேறும் வழி பள்ளத்தில் இருந்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

பதில்: காற்றுமுகம்

ஆறு ஆபத்து என்றதும் ஏரிக்கே போய்விடலாம் என்று தோன்றும். ஏரியில் வேறு கணக்கு: காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது என்பது.

அந்தப் பருவத்தில் காற்று பெரும்பாலும் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டு, ஏரியின் வரைபடத்தில் ஒரு கோடு போடுங்கள். காற்று போய் முட்டுகிற கரையில் அலை அடிக்கும், மிதக்கிற குப்பையும் பாசியும் அங்கேதான் ஒதுங்கும். நீண்ட ஏரியாக இருந்தால் மழைக்காற்றில் அந்தக் கரையில் கூடாரம் நிற்பதே கஷ்டம். காற்று புறப்படுகிற கரை அமைதியாக இருக்கும், தண்ணீர் தெளிவாக இருக்கும். ஆனால் பிள்ளைகள் இருக்கும்போது அந்த அமைதியில் ஒரு வில்லங்கம் உண்டு. காற்றடைத்த டியூப், மிதவைப் படுக்கை எதுவாக இருந்தாலும் அந்தக் கரையிலிருந்து நடு ஏரிக்குத் தள்ளிக்கொண்டு போய்விடும். தண்ணீர் அலையில்லாமல் கிடப்பதால் அது நகர்வதே கண்ணில் படாது. அங்கே அந்த மாதிரிப் பொருளே வேண்டாம், உடம்புக்குச் சரியான அளவில் உயிர்காப்பு ஜாக்கெட் மட்டும் போதும்.

அடுத்து பாசி. தண்ணீர்மேல் பச்சைப் பெயின்ட் கொட்டியது போலவோ, பட்டாணிக் கஞ்சி நிறத்திலோ, கரையோரம் நுரைத்த ஏடாகவோ இருந்தால் நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். ஒரு குச்சியால் அள்ளித் தூக்கிப் பாருங்கள். தலைமுடி போல நூல்நூலாகத் தொங்கினால் பெரும்பாலும் சாதாரணப் பாசி. குச்சியில் பெயின்ட் போல ஒட்டிக்கொண்டு வழிந்தால் சந்தேகப்படுங்கள். அதன் சில வகைகள் நஞ்சு உண்டாக்கும். அந்தத் தண்ணீரைக் குடித்த நாய்கள் சில மணி நேரத்தில் செத்ததும் உண்டு. விளையாடும்போது அதிகம் தண்ணீரை விழுங்குவது பிள்ளைகள்தான், எனவே சந்தேகம் இருந்தால் இறங்க விடாதீர்கள்.

அது அணைகட்டித் தேக்கிய நீர்த்தேக்கமா என்றும் கேளுங்கள். நீர்த்தேக்கத்தில் மட்டம் பருவத்துக்குப் பருவம் மாறும். படத்தில் புல்வெளியை ஒட்டி நிற்கிற தண்ணீர், நீங்கள் போகும் மாதத்தில் இருநூறு மீட்டர் சேற்றுக்கு அப்பால் இருக்கலாம். மேலே வெடித்துக் காய்ந்தது போலத் தெரியும் சேறு உள்ளே கூழாக இருக்கும், கால் முழங்கால்வரை போய்விடும். செயற்கைக்கோள் படத்தில் பழைய தேதிகளையும் எடுத்துப் பார்க்கலாம். நீங்கள் போகிற மாதத்துப் படங்களைக் கடந்த சில ஆண்டுகளுக்கு வரிசையாகப் பார்த்தால் கரை எங்கே நிற்கும் என்று தெரிந்துவிடும்.

கேட்டவர்: கரையோரம்

இருவருக்கும் நன்றி. பழைய படங்களைப் பார்த்தேன். ஏரியின் மட்டம் பெரிதாக மாறவில்லை, ஆனால் ஒரு மூலையில் பச்சையாகத் தெரிகிறது. ஆற்று முகாமில் திட்டுக்குப் பின்னால் மேடான இடமும் இருக்கிறதாம், கேட்டால் தருவார்களாம். ஆனால் 20 கி.மீ. மேலே ஓர் அணை இருக்கிறது. அணை இருந்தால் வெள்ளம் கட்டுக்குள் இருக்கும்தானே? இன்னொன்று, இரண்டு இடத்திலும் குழாய்த் தண்ணீர் உண்டு என்கிறார்கள். அதை நம்பலாமா?

பதில்: மேட்டுநிலம்

அணை பெருவெள்ளத்தைக் குறைக்கும். ஆனால் மழையே இல்லாத நாளிலும் அணையிலிருந்து தண்ணீர் வரும். மின்சாரம் எடுக்கத் திறப்பார்கள், மட்டத்தைக் குறைக்கத் திறப்பார்கள். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். ஆறு நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடினால் 20 கி.மீ. கடக்க 10,000 நொடி, அதாவது சுமார் 2 மணி 45 நிமிடம். ஆனால் நீர்மட்ட ஏற்றம் தண்ணீரைவிட வேகமாக முன்னால் நகரும். ஒன்றரை மடங்கு வைத்தால் இரண்டு மணி நேரம்கூடக் கிடைக்காது. இரவு தூங்கும்போது அது ஒன்றுமே இல்லை.

முகாம்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். திறப்பதற்கு முன் சங்கு ஊதுவார்களா, அது முகாம்வரை கேட்குமா? முன்னறிவிப்பு யாருக்கு வருகிறது? இரவில் பொறுப்பாள் அங்கேயே தங்குகிறாரா? மூன்றுக்கும் தெளிவான பதில் இல்லையென்றால் மேட்டில்கூட வேண்டாம் என்பேன், பிள்ளைகள் ஆற்றில் விளையாடும் நேரத்திலும் இதே ஆபத்து இருப்பதால்.

போனதும் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவிடுங்கள். அரை மணிக்கு ஒருமுறை பார்த்து, ஒரு சாண் ஏறியிருந்தால் எல்லோரையும் கரையேற்றுங்கள். வேகம் தெரிய வேண்டுமானால் கரையில் 10 மீட்டர் அளந்து, ஒரு சுள்ளியைப் போட்டு நேரம் பாருங்கள். 10 நொடிக்குள் கடந்தால் நொடிக்கு 1 மீட்டருக்கு மேல். அதை எதிர்த்துப் பெரியவர்களாலும் வெகுநேரம் நீந்த முடியாது, பிள்ளைகளைக் கணுக்காலுக்கு மேல் இறக்காதீர்கள்.

பதில்: தெளிநீர்

குழாய் இருக்கிறது என்பது பதில் அல்ல. அந்தக் குழாய்க்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். ஆழ்துளைக் கிணறா, அல்லது அதே ஏரியிலிருந்து மோட்டார் போட்டு ஏற்றுகிறார்களா? ஏரித் தண்ணீர் என்றால், பச்சையாகத் தெரிகிற அந்த மூலைதான் உங்களுக்குப் பிரச்சினை. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு போகாது. பாசி செல்கள் உடைந்து நஞ்சு தண்ணீரில் இன்னும் அதிகமாகக்கூடக் கலக்கலாம். சாதாரணக் கைவடிகட்டியையும் அதற்கு நம்ப முடியாது.

பாசி இல்லாத தண்ணீருக்கு வழி எளிது. கலங்கலைத் தெளிய விட்டு, துணியில் வடித்து, கொப்புளம் பொங்கக் கொதித்தபின் 1 நிமிடம் வையுங்கள். 2,000 மீட்டருக்கு மேல் உயரமான இடமென்றால் 3 நிமிடம். 0.2 மைக்ரான் வடிகட்டி பாக்டீரியாவைப் பிடிக்கும், வைரஸை விட்டுவிடும். குளோரின் மாத்திரை வைரஸைக் கொல்லும், ஆனால் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி அதற்குத் தப்பிவிடும். அதனால் வடிகட்டிவிட்டு மாத்திரை போடுகிறார்கள்.

உங்களுக்கு இதெல்லாம் தேவையே இல்லை. கார் போகிறது. ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்கவும் சமைக்கவும் 4 லிட்டர் என்றால் ஆறு பேருக்கு இரண்டு நாளைக்கு 48 லிட்டர். 25 லிட்டர் கேன் இரண்டு எடுத்துக்கொண்டு போங்கள். குழாய்த் தண்ணீர் கழுவ மட்டும்.

கழிப்பறை தண்ணீரிலிருந்து எத்தனை தூரம், நிலம் எந்தப் பக்கம் சரிகிறது என்றும் பாருங்கள். கழிவுக்குழியிலிருந்து பிள்ளைகள் குளிக்கும் துறைப் பக்கம் சரிவு இருந்தால் அந்த முகாமை விட்டுவிடலாம். கழிப்பறை இல்லாத இடமென்றால் தண்ணீரிலிருந்து 60 மீட்டர் தள்ளி, 15 முதல் 20 செ.மீ. ஆழக் குழி வெட்டி மூட வேண்டும். பாத்திரம் கழுவிய தண்ணீருக்கும் அதே 60 மீட்டர். சோப்பு எதுவாக இருந்தாலும் ஏரியில் நேரடியாகக் கழுவக் கூடாது. காலில் ஆறாத புண் இருப்பவர்கள் தேங்கிய தண்ணீரில் இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் அந்த வழியாகவும் வரும்.

பதில்: முளைக்கயிறு

பத்தடி தள்ளிக் கூடாரம் என்று சொன்னதைப் பற்றி யாரும் பேசவில்லை. அது விளம்பரத்துக்கு நன்றாக இருக்கும், தூங்குவதற்கு ஆகாது. குளிர்ந்த காற்று கனமானது, இரவில் சரிவில் இறங்கி நீரோரத்துப் பள்ளத்தில் தேங்கும். தண்ணீரின் ஈரமும் சேர்ந்துகொள்ளும். காலையில் கூடாரத்தின் உள்துணி சொட்டச் சொட்ட நனைந்திருக்க அதுதான் காரணம், கூடாரம் ஒழுகுவதல்ல. 60 மீட்டர் தள்ளி, பத்துப் பதினைந்து மீட்டராவது மேலே இருந்தால் வித்தியாசம் கையால் தொட்டே தெரியும். அவ்வளவு உயரம் கிடைக்காவிட்டால், கூடாரத்தின் இரண்டு முனைக் காற்றுத் துளைகளையும் திறந்து, மழைத்துணி உள்துணியில் ஒட்டாமல் இழுத்துக் கட்டுங்கள். குளிருகிறது என்று மூடிக்கொள்வதால்தான் ஈரம் கூடுகிறது. எவ்வளவு குளிர்ந்தாலும் அடுப்பையோ கரித்தணலையோ உள்ளே கொண்டுபோகாதீர்கள், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

தள்ளி இருப்பதற்கு இன்னொரு காரணம் விலங்குகள். கரைவரை இறங்குகிற ஒற்றையடித் தடத்தில் குளம்படி தெரிந்தால் அது அவை தண்ணீருக்கு வரும் வழி, அதை மறிக்காதீர்கள். முதலை இருக்கும் நீர்நிலையென்றால் விளிம்பிலிருந்து குறைந்தது 50 மீட்டர், உச்ச நீர்மட்டத்துக்கு மேல் 2 மீட்டர் உயரம்.

கொசுவுக்கு நாணல் புதரும் அசையாத மூலையும்தான் வீடு. இலைகளும் சிறு கொப்புகளும் விடாமல் ஆடுகிற அளவு காற்று இருந்தால் கொசு பறக்கத் திணறும். ஆகவே நாணலை விட்டு விலகி, காற்றோட்டமான முனைப்பக்கம் கேளுங்கள். தலைக்கு மேல் காய்ந்த கிளை தொங்குகிறதா என்று நிமிர்ந்து பார்த்த பிறகே துணியை விரியுங்கள். இடி கேட்டால் தனிமரத்தடியும் வேண்டாம், கூடாரமும் வேண்டாம், காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றுங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்து இறங்கலாம்.

கரையோரத்து மண் இளகலாக இருப்பதால் சாதாரண முளை நிற்காது. சிறிய துணிப்பையில் மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டி, 30 செ.மீ. ஆழத்தில் புதைத்து மிதித்துவிடுங்கள். கயிறு மண்ணிலிருந்து சாய்வாக வெளியே வரும்படி ஒரு சிறு பள்ளம் கீறிவிட வேண்டும். நேராக மேலே இழுத்தால் பை கிளம்பி வந்துவிடும்.

இதுவரை சொன்னதை வைத்துப் பார்த்தால் ஏரி முகாமையே எடுங்கள், ஆனால் அந்தப் பச்சை மூலைக்கு எதிர்க்கரையில், 60 மீட்டர் தள்ளி மேட்டில் இடம் தருவார்களா என்று கேட்டுவிட்டு. தண்ணீர் ஓரம்தான் இருக்கிறது என்று சொன்னால் ஆற்று முகாமின் மேட்டைப் பற்றி அந்த மூன்று கேள்விகளோடு விசாரியுங்கள். பகல் வெளிச்சம் இரண்டு மணி நேரமாவது மிச்சமிருக்கும்போது போய்ச் சேருங்கள், வெள்ளக்குறியை டார்ச் வெளிச்சத்தில் கண்டுபிடிப்பது கஷ்டம்.