தோற்ற தளபதியின் அறிக்கைக்கு ஒரு சொல்: ‘பூச்சுரை’

நண்பர்களே,

படையெடுப்பு தோற்றுப்போன பிறகு, அதைத் தோல்வி என்று சொல்லாமல் தளபதி மேலிடத்துக்கு எழுதுகிறாரே, அந்த வகை எழுத்துக்குத் தமிழில் என்ன கலைச்சொல் வைக்கலாம் என்ற கேள்விக்கு உங்களிடமிருந்து இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: ‘இடக்கரடக்கல் அறிக்கை’, ‘மழுப்பறிக்கை’, ‘நயவறிக்கை’. நான் இப்போது மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும் போர் வரலாற்றில் மூன்றையும் போட்டுப் பார்த்தேன். மூன்றுமே ஏதோ ஓரிடத்தில் இடறுகின்றன.

இடக்கரடக்கல் அவையில் சொல்லக் கூசும் சொல்லை மறைப்பது. தோல்வி கூச்சப்படும் சொல் இல்லை. நன்னூல் இதனோடு சேர்த்துச் சொல்லும் மங்கல வழக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. ‘செத்தார்’ என்பதற்குத் ‘துஞ்சினார்’ என்கிறோம். ஆனால் துஞ்சினார் என்றதும் அவர் தூங்கி எழுந்துவிடுவார் என்று கேட்பவர் யாரும் நினைப்பதில்லை. சொல்பவருக்கும் கேட்பவருக்கும் உண்மை தெரியும். சொல் மட்டும் மென்மையாகிறது. தளபதியின் அறிக்கை, கேட்பவர் வேறு மாதிரி நினைக்க வேண்டும் என்றே எழுதப்படுவது. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால் கலைச்சொல்லே வீண்.

மழுப்பல் என்பது கேள்வி கேட்டால் பிடிகொடுக்காமல் பேசுவது. இந்த அறிக்கைகளோ யாரும் கேட்பதற்கு முன்பே, தெளிவான வாக்கியங்களில் எழுதப்படுபவை. ‘நயம்’ நல்ல குணத்தைக் குறிக்கும் சொல். அதை இதற்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். இரண்டாம் உலகப்போரில், 1943 பிப்ரவரியில், ஜப்பானியப் படை பசிபிக் கடலில் உள்ள குவாடல்கனால் தீவைக் கைவிட்டது. உயிரோடிருந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களை மூன்று இரவுகளில் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். பிப்ரவரி 9 அன்று தலைமையகம் வெளியிட்ட அறிவிப்பில் ‘பின்வாங்கல்’ என்ற சொல்லே கிடையாது. நோக்கம் நிறைவேறியதால் படை வேறிடத்துக்கு ‘தென்ஷின்’ செய்தது என்றிருந்தது. ஜப்பானியத்தில் எழுதும்போது அந்தச் சொல்லில் இரண்டே எழுத்துகள். முதல் எழுத்துக்குத் ‘திரும்புதல்’ என்று பொருள், இரண்டாவதற்கு ‘முன்னேறுதல்’. அதாவது திசை மாறி முன்னேறினார்களாம். தீவை விட்டது உண்மை, இடம் மாறியதும் உண்மை. வினைக்கு உரியவர் மட்டும் மாறிவிட்டார். எதிரி விரட்டியது போய், நாமே விரும்பி நகர்ந்தது என்று ஆகிவிட்டது. இந்த ஆள்மாற்றத்தைத்தான் நம் சொல் பிடிக்க வேண்டும் என்பது என் கட்சி.

இதற்கு முந்தைய ஆண்டு நடந்த மிட்வே கடற்போர் வேறு கதை. 1942 ஜூனில் அங்கே ஜப்பான் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களை இழந்தது. அறிவிப்பிலோ ஒன்றுதான் மூழ்கியது, இன்னொன்று கடுமையாகச் சேதமடைந்தது என்றிருந்தது. இது அப்பட்டமான பொய். பொய்யறிக்கை என்ற சொல்லே போதும், புதிய சொல் வேண்டாம்.

உண்மைக்கும் மறைப்புக்கும் நடுவே நிற்பது பிரெஞ்சுப் பேரரசர் நெப்போலியனின் 29ஆம் போர் அறிக்கை. 1812 டிசம்பர் 3 என்று தேதியிட்டது. ரஷ்யாவுக்குள் போன நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் மிகச் சிலரே திரும்பிக்கொண்டிருந்த நேரம். அதைப் படித்தால் முதலில் வியப்பாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் படை சீர்குலைந்ததை அது மறைக்கவில்லை. நவம்பர் 6 வரை வானிலை நன்றாக இருந்தது, அப்புறம் குளிர் வந்தது, ஒவ்வோர் இரவும் குதிரைகள் ஆயிரக்கணக்கில் விழுந்தன, சில நாள்களில் முப்பதாயிரம் குதிரைகள் போயின என்று வரிசையாகச் சொல்கிறது. எல்லாப் பழியும் பனிமேல். பனி விழுமுன்பே, அந்தக் கோடையிலேயே, டைபஸ் காய்ச்சலும் பசியும் ஓடிப்போதலும் படையைப் பெருமளவு தின்றுவிட்டன என்பது அதில் இல்லை. கடைசியில், பேரரசரின் உடல்நலம் இதைவிட நன்றாக இருந்ததே இல்லை என்று முடிகிறது. மகன் உயிரோடிருக்கிறானா என்று தேடிப் படித்த பாரிஸ் தாய்க்குக் கிடைத்த கடைசி வரி அது. போர் அறிக்கையைப்போலப் பொய் சொல்வது என்ற சொலவடை பிரெஞ்சில் இவருடைய காலத்தில்தான் வந்தது.

குவாடல்கனாலில் செய்தவர் மாறினார், இங்கே காரணம் மாறியது. இரண்டிலும் சுவர் விரிசல் விட்டிருக்கிறது. விரிசல்மேல் சாந்து பூசியிருக்கிறார்கள். ‘பூசி மெழுகுதல்’ என்று நாம் நாள்தோறும் சொல்வது இதைத்தானே? அதனால் நான் முன்வைக்கும் சொல் ‘பூச்சுரை’. முன்னுரை, பொய்யுரை, புகழுரை என்று உரை சேர்ந்த சொற்களோடு இயல்பாக நிற்கும். ‘மெழுகுரை’ என்றும் யோசித்தேன். மெழுகுவத்தி நினைவுக்கு வந்துவிடுகிறது.

பயன்படுத்திப் பாருங்கள்: “குவாடல்கனால் அறிவிப்பு ஒரு பூச்சுரை.” “29ஆம் அறிக்கையில் படை சீர்குலைந்ததைச் சொல்லும் பகுதி தோல்வி அறிக்கை, காரணம் சொல்லும் பகுதி பூச்சுரை.” இரண்டாவது வாக்கியத்தை ‘மழுப்பறிக்கை’ வைத்து எழுதவே முடியவில்லை.

நேர்மையாக எழுதியவர்களுக்குப் புதுச்சொல் எதுவும் வேண்டாம், ‘தோல்வி அறிக்கை’ போதும். கி.மு. 217இல் திரசிமீன் ஏரிக்கரையில் ரோமப் படை அழிந்தபோது, பிரேத்தர் என்ற உயர் அரசுப் பதவியில் இருந்த பொம்போனியஸ் மக்கள்முன் நின்று, பெரிய போர் ஒன்றில் நாம் தோற்றுவிட்டோம் என்று மட்டும் சொன்னதாக ரோம வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். 1942இல் பர்மாவிலிருந்து கால்நடையாக வெளியேறிய அமெரிக்கத் தளபதி ஸ்டில்வெல், நமக்குச் சரியான அடி விழுந்தது, அது பெரிய அவமானம், காரணத்தைக் கண்டுபிடித்துத் திரும்பப் போய் மீட்க வேண்டும் என்றார். காரணத்தைத் தேட வேண்டும் என்று ஒரு தளபதி சொல்ல முடிவது, பூசாமல் விட்டதால்தான்.

ஒரே ஓர் இடத்தில் எனக்குத் தயக்கம் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சீனத்தில் தைப்பிங் கிளர்ச்சியை எதிர்த்துப் பலமுறை தோற்ற அரசுத் தளபதி செங் குவோஃபான் பற்றி ஒரு கதை உண்டு. ‘போரிட்டுப் போரிட்டுத் தோற்றோம்’ என்றிருந்த அறிக்கை வரி, ‘தோற்றுத் தோற்றுப் போரிட்டோம்’ என்று திருத்தி அரசவைக்கு அனுப்பப்பட்டதாம். சொற்கள் அதே சொற்கள், வரிசைதான் வேறு. தமிழில் அது இவ்வளவு அழகாக உட்காருவதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டேன். இது பூச்சுரையா? என் கணிப்பில் இல்லை. தோற்றோம் என்பது வரியிலேயே நிற்கிறது, தோற்கடித்தவனும் மறையவில்லை. இதைத்தான் நயவறிக்கை என்று சொல்லலாம்; அந்தச் சொல்லை முன்வைத்தவர் இதற்கு அதை வைத்துக்கொள்ளச் சம்மதிப்பார் என்று நினைக்கிறேன்.

வினைவடிவம் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. ‘பூச்சுரைத்தார்’ என்பது வாயில் ஒட்டவில்லை. ‘பூசியுரைத்தார்’ எனக்குச் சரியாகப் படுகிறது. செய்தி எழுதுபவர்கள் யாராவது இரண்டையும் வாக்கியத்தில் போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.